எங்களோடு கோபமில்லாத ஒரு கடல்

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குச் சைக்கிளில் போனால், ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நாவற்குடாவில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். நடுவில் நாங்கள், புட்டுக்குழலுக்குள் மாவு மாதிரி. இப்படியான இடத்தில் குடியிருந்துகொண்டு, கடற்கரையில் விடுமுறை கழிக்க நல்ல ஊர் எது என்று ஒரு மாதமாக விசாரித்துத் திரிந்த மனுசன் ஒருவன் இருந்தான். அவன் நான்தான்.

காரணம் என் மகள் கீறிய ஒரு படம். அப்போது அவள் முதலாம் வகுப்பு. கடலைக் கீறி வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பக்கம் முழுக்க நீலம் தீட்டி, இரண்டு தோணி விட்டு, ஒரு முதலையையும் போட்டு, அக்கரையில் தென்னை மரம், கோயில், ஒரு ஆடு எல்லாம் கீறி வைத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் என்னை நிறுத்தினார்.

"நீங்க எந்த ஊர்?"

"நாவற்குடா, டீச்சர்."

"ஆ. நான் கடலே இல்லாத மகாஓயாப் பக்கமாக்கும் எண்டு நினைச்சன். மகள் கடலுக்கு அக்கரை கீறியிருக்கா. அக்கரையில ஆடு நிக்குது. எந்த நாட்டு ஆடு எண்டு கேட்டன், அப்பாட்டக் கேட்டுச் சொல்றன் எண்டா."

பிள்ளையில் பிழையில்லை. சுனாமி வந்து நாலாம் மாதம் பிறந்தவள் அவள். வாவியைத் தினமும் பார்க்கிறாள். கடலை அவள் பார்த்ததே கிடையாது; கேட்டிருக்கிறாள். இரவில் "அது என்ன சத்தம்?" என்று கேட்பாள், "கடல்" என்போம், திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளுக்குக் கடல் என்பது மாரியில் கூடி, கோடையில் குறைகிற ஒரு சத்தம். அதில் கால் நனைக்கலாம் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் ஆயத்தமாக இருந்தது: "மனிசிக்குப் பயம்."

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அன்றைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதில் நான் பகிடி விடமாட்டேன். என்னைப் பற்றி விடலாம், அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. நான் அப்போது கிணற்றடியில் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மற்றக் கன்னத்துக்கு வருகிற நேரம் சனம் ஓடத் தொடங்கியது. வயிற்றில் பிள்ளையோடு மனைவியும், கையில் சோப்புத் தூரிகையோடு நானும் ஓடினோம். நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேனா, அவள் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாளா என்பதில் எங்கள் வீட்டில் இன்னமும் இரண்டு கட்சி உண்டு. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம். அங்கே என் முகம் ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறு பக்கம் தாடிச் சாமியார். சோற்று வரிசையில் இரண்டாந்தரம் போய் நிற்க முடியாது. "பாதி மூஞ்சிக்காரர் திரும்ப வாறார்" என்று சின்னப் பிள்ளைகூடக் காட்டிக் கொடுத்துவிடும்.

டீச்சர் கேட்ட அன்று பின்னேரம் வீட்டில் அறிவித்தேன். "வாற பள்ளி லீவுக்கு நாங்க கடற்கரைக்குப் போறம். வெள்ளைக்காரன் மாதிரி, ஒரு நாள் முழுக்க."

மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "கடலுக்கா? நீங்களா?"

"நான்தான் கூட்டிப் போறன்."

"சரி," என்றாள். துருவல் நிற்கவில்லை. 'நீங்களா' என்று அவள் கேட்டதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர்தான் பிரச்சினை. எங்கள் கடல் சரிவராது. அதோடு எங்களுக்குக் கோபம், பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்கு ஒன்றும் செய்யாத, எங்களோடு முன்பின் பழக்கமில்லாத ஒரு கடல் வேண்டும். வேலை செய்கிற கந்தோரில் விசாரித்தேன். களுவாஞ்சிகுடிக்காரர், "எங்கட பக்கம் வேணாம், பாசிக்குடாவுக்குப் போங்க" என்றார். பாசிக்குடாவுக்குப் பக்கத்து வாழைச்சேனைக்காரர், "சேச்சே, கல்லடிக் கடல் மாதிரி வருமா?" என்றார். கல்லடிக் கடல் என்பது எங்கள் கடல்தான். அப்போதுதான் விளங்கியது, இந்தக் கரை முழுக்க ஒவ்வொரு ஊரும் தன் கடலோடு கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கடலைப் புகழ்ந்துகொண்டிருக்கிறது.

வெயிலைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆவணி மாதத்து மட்டக்களப்பில் வெயில் தேடிப் போக வேண்டியதில்லை. அது வீட்டுக்கே வந்து தலையில் குட்டும்.

மனைவியின் அண்ணன், என் மச்சான், வாடகைக்கு வான் ஓட்டுகிறவன். அவனிடம் யோசனை கேட்டது என் பிழை.

"சோத்துக்கடைக்காரன் பசிக்குது எண்டு ஊர் ஊராத் திரிஞ்ச கதை இது," என்றான். "எல்லாம் ஒரே தண்ணிதானே மச்சான்."

"தண்ணி ஒண்டுதான். ஆனா அங்க இருக்கிற தண்ணிக்கு எங்களத் தெரியாதே."

அவன் ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் கையில் தந்தான். "சரி, ஏறு. மாங்கேணியப் போய்ப் பாப்பம். அந்தத் தண்ணி உன்னை விசாரிக்குதா எண்டு கேட்டு வருவம்."

அவனுடைய மோட்டார் சைக்கிளில் போனோம். சண்டை முடிந்து அடுத்த வருசம் அது. ஓட்டமாவடிப் பாலமும் தாண்டி, நல்ல காற்று, நல்ல றோட்டு. ஓரிடத்தில் மச்சான் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்தினான். நான் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்தேன். அவன் சைக்கிளைத் தள்ள, நான் பின்னால், இரண்டு பேரும் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நடந்தோம். பாதித் தூரத்தில்தான் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. செக்பொயின்ட்டை எடுத்து எவ்வளவோ நாள். கிழிந்த மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாடு மட்டும் படுத்திருந்து எங்களைப் பார்த்தது.

"ஆரு உன்னை இறங்கச் சொன்ன?" என்றான் மச்சான்.

"நீதானே நிப்பாட்டின."

"நான் நிப்பாட்டல்ல. கை நிப்பாட்டிச்சு."

நான் மாட்டுக்கு அடையாள அட்டை காட்டினேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அது பொய். நான் கையில் வைத்திருந்தேன், மாடு பார்த்தது, அவ்வளவுதான்.

மாங்கேணிக் கரையில் ஒருவர் தோணி நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணே, இஞ்ச கிட்டடியில மாடி வீடு ஏதும் இரிக்கா?"

"மாடி வீடா? என்னத்துக்கு?"

"சும்மா. ஒரு அவசரத்துக்கு ஏறி நிக்க."

அவர் ஊசியை வைத்தார். "தென்னை இரிக்கி. ஏறத் தெரியுமா?" என்று கேட்டு, என் வயிற்றைப் பார்த்து, பிறகு மரத்தை இரக்கத்தோடு பார்த்தார்.

"எனக்கில்ல அண்ணே. பிள்ளைக்குக் கடல் காட்டோணும், மனிசிக்குப் பயம். இந்த றோட்டு வளைவில்லாம மேற்கால போகுமா?"

"தம்பி, நீங்க வந்ததில இருந்து பாக்கிறன். கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு றோட்டத்தான் பாக்கிறீங்க. றோட்டுப் பாக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? பிள்ளையக் கூட்டிப் போறதெண்டா கல்லடிக்குப் போங்களன். நல்ல கடல்."

மச்சான் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்ததில் சைக்கிள் ஆடியது.

கடைசியில் பாசிக்குடா என்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தவன் மச்சான்: "அங்க எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி முழங்கால்தான். நீ தாழ்றதெண்டாலும் குனிஞ்சுதான் தாழோணும்." ஹோட்டல்களும் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதாவது மாடி இருக்கும். எனக்குப் பரம திருப்தி.

போகிற அன்று மனைவி சோறும் இறால் கறியும் பெரிய சட்டியில் வைத்துத் துணியால் கட்டினாள். குடை எடுத்தாள். மகள் விடிய முதலே சப்பாத்துப் போட்டு வானுக்குள் ஏறிவிட்டாள். "அப்பா, கடல்ல கால் வைச்சா சுடுமா?" என்று கேட்டாள். "தெரியாது மகள்" என்றேன். உண்மையிலேயே மறந்து போயிருந்தது.

பாசிக்குடாவில் மச்சானிடம், "வானக் கிறுக்கி, மூஞ்சி றோட்டப் பாக்க நிப்பாட்டு" என்றேன். கிறுக்குவது என்றால் எங்கள் ஊரில் திருப்புவது. அவன் திருப்பினான். வெள்ளைக்காரர் சிலர் மணலில் வெயிலுக்குள்ளேயே மல்லாந்து கிடந்தார்கள். எங்கள் ஊரில் அப்படி மிளகாயும் கருவாடும்தான் கிடக்கும். "பாவம், ஆரும் இவங்களுக்கு நிழல் காட்டல்லயாக்கும்" என்று சொல்லிக்கொண்டு மனைவி குடையை விரித்து, மகளின் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணால் மாடியைத் தேடிக்கொண்டு பின்னால் போனேன். பாதி கட்டிய கட்டடம் ஒன்று இருந்தது. நல்லது.

பிறகுதான் கடலைப் பார்த்தேன்.

கரையிலிருந்து எங்கேயோ, தோணி ஓட வேண்டிய தூரத்தில், ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில். எனக்கு ஒன்றுதான் ஓடியது: சுனாமிக்கு முதல் வாங்கின மாதிரி கடல் உள்ளுக்கு வாங்கிவிட்டது. இனி வரும்.

பாசிக்குடா ஆழமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தானே வந்தது. ஆனால் தெரிந்தது தலைக்கு. கால் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது. கத்தினேன் என்றுதான் நான் நினைத்தேன்; சத்தமே வரவில்லை என்கிறார்கள். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, கைபிடி இல்லாத படியில் ஏறி, மேல் தட்டில் போய்த்தான் நின்றேன்.

அங்கே இரண்டு மேசன்மார் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னையும் சட்டியையும் பார்த்தார்.

"அண்ணே, சாப்பாடு இண்டைக்கு வெள்ளனயே வந்திட்டுதா?" என்றார். பிறகு மற்றவரைப் பார்த்து, "கையக் கழுவு. இறால் வாசம் வருது."

மூச்சு வாங்கியபடி கீழே பார்த்தேன். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. பச்சைத் தண்ணீரில், முழங்காலுக்கு மேல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைக்குமேல் குடையோடு என் மனைவி நின்றாள். பக்கத்தில் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் கடலுக்குள் இருந்தது. அஞ்சு வருசமாக நான் காவல் காத்த கால். முதல் தரம் அது நனைந்ததை நான் பார்க்கவில்லை; அந்த நேரம் நான் படியேறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேசன்மார் கை கழுவி வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். மானத்தோடு கீழே இறங்க ஒரு வழிதான் இருந்தது. "ஓம், உங்களுக்குத்தான் கொண்டு வந்த" என்று சொல்லி, அவர்களுடைய சாப்பாட்டுக் கோப்பைகளில் சோற்றைப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூட என்றார்கள்.

பாதிச் சட்டியோடு கரைக்கு வந்தேன். மனைவி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், கட்டடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"போன முறை பாதி மூஞ்சி," என்றாள். "இந்த முறை பாதிச் சோறு. முன்னேற்றம்தான்."

"நான்... உனக்குப் பயமாக்கும் எண்டுதான், மாடியெல்லாம் பாத்து..."

"எனக்குப் பயமெண்டு நான் எப்பயாவது சொன்னனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"கடலெண்டு சொன்னாலே உங்கட முகம் சுண்டிப் போகும். அதுதான் நானும் பேசாம இருந்த. பயமில்லாம இல்ல. ரெண்டு பேரும் பயந்தா பிள்ளைய ஆரு பாக்கிற?" குடையை என் கையில் தந்தாள். "சட்டிய மணல்ல வைங்க. அது ஓடாது."

வைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டினேன். முதல் அலை வந்து காலில் பட்டபோது, சுடவுமில்லை, கூதலுமில்லை. பழக்கமில்லாத ஆளிடம் கை குடுத்த மாதிரி இருந்தது. மகள் ஓடி வந்து என் விரலைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கண்ணுக்கு மேல் கை வைத்து நேரே பார்த்தாள்.

"அப்பா, அக்கரை எங்க?"

நான் பதில் தேடுவதற்குள், பின்னால் காற்சட்டையோடு நின்ற மச்சான் சொன்னான்: "அது இன்னும் கட்டல்ல மகள். சுனாமி வீட்டுத் திட்டம் முடிஞ்ச பிறகுதான் அக்கரை கட்டுவாங்களாம்."

பின்னேரம் வரை தண்ணீரை விட்டு அவளை எடுக்க முடியவில்லை. பாதிச் சோற்றை நாலு பேரும் பங்கிட்டோம். உப்புக் கூடத்தான்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் அவள் கடலைத் திரும்பக் கீறினாள். அக்கரை இல்லை, ஆடு இல்லை. முதலையை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருந்தாள். கரை ஓரத்தில் குடையோடு அம்மா, பக்கத்தில் அவள். மூலையில் ஒரு பாதிக் கட்டடம், அதன் உச்சியில் சட்டியோடு ஒரு மனுசன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "பிறகு நான் இறங்கி வந்தன்தானே. தண்ணிக்குள்ளயும் நிண்டன். அதையும் கீறலாமே?"

அவள் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"தாளில இடமில்ல அப்பா," என்றாள். "கடல் பெரிசு."