மச்சான் காயவைத்த சீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிய கையோடு மச்சான் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். என் சீஸைக் காணோம்!

ஒரு சீஸுக்கா இவ்வளவு பதற்றம் என்பீர்கள். என் வயிற்றோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பாருங்கள், தெரியும். எதைத் தின்றாலும் உப்புசம். மதுரை டாக்டர் 'லோ ஃபாட்மேப் டயட்' என்றார். வயிற்றுக்குள் போய்ப் புளித்துக் காற்றாகிற அயிட்டங்களுக்கெல்லாம் கொஞ்ச நாளைக்குத் தடா. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, பால் கிடையாது. போடியில் இருந்துகொண்டு பால் டீ இல்லாத காலை... அதெல்லாம் ஒரு விடியலா?

அப்போதுதான் டயட்டீஷியன் அம்மா வயிற்றில் பாலை வார்த்தார். "மேல வெள்ளைத் தோல் பூத்து, உள்ள வெண்ணெய் மாதிரி இருக்குமே, அந்த சாஃப்ட் சீஸ் கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க சார். அதுல பால் சர்க்கரை ரொம்பக் கம்மி."

கொச்சியில் இருக்கும் மகளிடம் சொல்லி ஒன்று வரவழைத்தேன். நல்ல சாமானை நல்ல குளிரில் சாப்பிட வேண்டாமா? ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மச்சான் வீட்டுக்கே போய்விட்டேன். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தது, காலையில் இல்லை.

"மச்சான், என் டப்பா எங்க?"

"அதையேன் கேக்குறீங்க மாப்ளே... ஒங்கள நல்லா ஏமாத்திப்புட்டாய்ங்க! மேலெல்லாம் ஒரே பூசணம். ஈரம் போனாச் சரியாயிரும்னு ஸ்டோர்ல வச்சிருக்கேன்."

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் சூட்டு அறை!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏலக்காயில் பூசணம் தட்டினால் வியாபாரி கையாலும் தொடமாட்டான். பூசணத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த மனுஷன். இந்தச் சீஸுக்கு அந்தப் பூசணம்தான் உயிர் என்று அவர் எங்கே கண்டார்?

ஓடினேன். தட்டில் வெள்ளைத் தோல் மட்டும் கழற்றிப்போட்ட சட்டையாகக் கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் உருகி ஓடியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்ப வச்சீங்க?"

"இப்பத்தான் மாப்ளே, நீங்க பல்லு வெளக்கப் போனப்ப."

மச்சான் மனைவி — எனக்கு அக்கா முறை — எட்டிப் பார்த்தார். என் காலைச் சாப்பாட்டுக்கென்று உருளைக்கிழங்கு அவித்துவைத்திருந்தார்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போடுறீங்களே தம்பி! வெரசா கொண்டாங்க."

ஆவி பறக்கும் கிழங்கின்மேல் சீஸை வழித்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவினார். ஒரு வாய் வைத்தேன். அடடா! அத்தனை நாள் பத்தியச் சலிப்பும் அந்த ஒரு வாயில் பறந்துபோனது. லேசாக ஏலக்காய் மணம் வேறு — எந்த ஊர் சீஸில் கிடைக்கும் இது? அக்காவும் ஒரு துண்டு தின்று தலையாட்டினார். மச்சான் மட்டும் கிட்டவே வரவில்லை. பிறகு, தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நக்கினார். மறுபடியும் தொட்டார்.

அன்று முழுக்க மூன்று பேரும் என் வயிற்றுக்குக் காவல் இருந்தோம். உப்புசம்? ம்ஹூம். வயிறு தன் சோலியைப் பார்த்துக்கொண்டு கம்மென்று கிடந்தது. சந்தோஷத்தில் மலை இறங்கும்போது ஜீப்பில் பாட்டே பாடினேன்.

நேற்று மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, அடுத்து வர்றப்ப அந்தப் பூசணம் புடிச்சதக் கொண்டாங்க... நல்லாப் புடிச்சதாப் பாத்து!"