ஜக்கையன் அண்ணனின் அடிச்சுரம்

எங்கள் பேண்டு செட்டு ஜக்கையன் அண்ணன் டெனர் சாக்ஸபோனில் அடிச்சுரத்தைப் பிடித்தால், குரங்கணிக் காட்டில் யானை பின்னங்காலில் நின்று கேட்கும். போடிமெட்டு வளைவில் திணறி நிற்கும் லோடு ஜீப்பு, டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் தானாக ஏறிவிடும். முப்பது வருஷம் பேசாத பங்காளிகள் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். சந்தேகம் இருப்பவர்கள் யானையிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் அந்தச் சுரம் கெட்டுப்போனது.

அண்ணனுக்கு ராசிங்காபுரம். படிப்பு ஆறாவது. ஆறாவதை இரண்டு தடவை படித்ததால் ஏழாவதுக்குச் சமம் என்பது அவர் கணக்கு. குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக்காயைக் கம்பிவலைத் தட்டில் பரப்பி, கீழே விறகு மூட்டி, சூடு குறையாமல் உலர்த்துகிற வேலை. நாலு காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்பார். அப்படியேதான் ஆகும். விசேஷ நாட்களில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கி, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஊதுவார். சாக்ஸபோன் மதுரையில் பழசாக வாங்கியது. அதற்காகத் தன் கறவை மாடு போன கதையை அவர் சம்சாரம் சந்திரவல்லி மதினி வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடும்.

அந்த ஆடியில், ஒரு சாமி ஊர்வலத்தில், அடிச்சுரம் வரவேண்டிய இடத்தில் கொடகொடவென்று குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் வந்தது. அடுத்த சுரம் நடுங்கியது. நான் சைடு டிரம். பின்வரிசையிலிருந்து தவளை மாதிரிக் கத்தினேன். சாமி தூக்கியவர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

கன்னையன் மாஸ்டர் செட்டுக்கு முதலாளி, சிரிக்காத மனிதர். ஊர்வலம் முடிந்ததும் சொல்லிவிட்டார்:

"ஜக்கையா, ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள இத நேராக்கு. இல்லேன்னா டெனர வேற ஆளு ஊதட்டும். நீ தாளத்தப் பிடி."

பேண்டு செட்டில் தாளம் என்பது, நடக்க மட்டும் தெரிந்தவனுக்குக் கொடுக்கிற வேலை.

அண்ணன் வாயில் வைத்து ஊதுகிற ரீடை மாற்றினார். சத்தம் மாறவில்லை. சாக்ஸபோனின் கழுத்துப் பக்கம் இறுக்கம் போதாதோ என்று மெழுகு தடவிய நூலைச் சுற்றினார். அப்படியேதான் இருந்தது. அப்புறம் பீடியை விட்டார். கேலி செய்ய எனக்கு வாய் வராமல் போனது அப்போதுதான். பன்னிரண்டு வருஷம் ஸ்டோர்ப் புகை குடித்த மனிதர். கோளாறு தன் நெஞ்சில்தான் என்று முடிவு செய்துவிட்டார். காலையில் பாறைமேல் நின்று மூச்சுப் பிடிப்பார், இருமுவார், மறுபடி ஊதுவார். கொடகொட.

மதினிக்குப் பொறுக்கவில்லை.

"கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா எங்கய்யா கடைமடையிலயா மம்பட்டியப் போட்டாரு? மேல எவனோ வாய்க்கால ஒடச்சிருக்கான்னு மடை மடையாப் பாத்துக்கிட்டே போவாரு. நீங்க என்னமோ அடியிலயே ஊதி ஊதி நெஞ்ச நோகடிக்கிறீக."

அண்ணன் அன்று மத்தியானமே மேலிருந்து தொடங்கினார். சாக்ஸபோனில் ஒவ்வொரு துளைக்கும் தோல் வைத்த மூடி உண்டு. பேடு என்போம். சிகரெட் தாளைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு பேடுக்கும் அடியில் வைத்து, மூடி, மெல்ல இழுத்தார். எல்லாம் தாளைக் கவ்வின. நடுவில் ஒன்று மட்டும் விட்டுவிட்டது. ஸ்டோர்க் கதவைச் சாத்தினால் உச்சிவெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. கம்பியில் டார்ச் பல்பைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினார். அதே பேடின் ஓரத்தில் நகக்கண் அளவு வெளிச்சம் ஒழுகியது. காற்று அங்கே போய்க்கொண்டிருந்தது. அடிச்சுரத்துக்கு மேலே உள்ள துளை எல்லாம் அடைபட வேண்டும். ஒன்று கசிந்தாலும் கீழே கொடகொடதான்.

குற்றவாளி யாரென்றால், ஸ்டோர். சாரல் மாதங்களில் மலையில் எல்லாமே பூஞ்சை பிடிக்கும். கம்பளி, அப்பளம், ரேஷன் கார்டு, எதுவானாலும் ஸ்டோர்ச் சூட்டில் வைத்துத்தான் காப்பாற்றுவார்கள். அண்ணனும் தோல் கெட்டுவிடும் என்று சாக்ஸபோனை மேல்தட்டில் வைத்திருந்தார். பேடை ஒட்டியிருப்பது அரக்கு. சூட்டில் அது இளகி, பேடு மயிரிழை சாய்ந்துவிட்டது.

"ஏலக்காய்க்கு ஒன்றரை நாளு. இதுக்கு ஒன்றரை மாசம். நல்லாத்தேன் ஒலந்திருக்கும்" என்றது மதினி.

மெழுகுவர்த்திச் சூடு காட்டி அரக்கை இளக்கி, பேடை நேராக்கி, ஆறும்வரை நூலால் இறுக்கிக் கட்டிவைத்தார். முதல் ஊதலிலேயே சுரம் நடுங்காமல் நின்றது. "எனக்கு நெஞ்சு நல்லாத்தேன் இருக்குடீ" என்றாராம்.

இதெல்லாம் மதினி பின்னால் சொன்னது. ஆவணிக்கு முந்தின ஒத்திகையன்று, சுரம் நேரானது எனக்குத் தெரியாது. கன்னையன் மாஸ்டர் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு இறங்கி இறங்கி அடிச்சுரத்துக்கு வந்தது. என் டிரம் உடையாதது அதிசயம்.

"ஒண்ணும் கேக்கல. திரும்ப" என்றார் மாஸ்டர்.

திரும்ப வாசித்தோம். அதே இடத்தில் இன்னும் ஓங்கி உருட்டினேன்.

"டிரம்ம நிறுத்துடா. ஜக்கையன் மட்டும்."

குச்சி உள்ளங்கையில் வழுக்கியது. அண்ணன் ஊதினார். அடிச்சுரம் வந்தது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி அசையாமல். மேலே கூரைத் தகரம் கூடவே ரீங்கரித்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்து, "ஆவணிக்கு நீயே ஊது" என்று எழுந்து போனார்.

அண்ணன் சாக்ஸபோனைத் துடைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"டேய் மாயா, பாட்டு பூராம் பூன மாதிரி அடிச்ச. அடிச்சுரத்துல மட்டும் எதுக்குடா அம்புட்டு ஓங்குன?"

"கை தவறிருச்சுண்ணே."

"ரெண்டு தடவயும் அதே எடத்துலயா?"

"ஒங்களக் கவுக்கத்தேன்."

"கவுக்க நெனச்சவன் மாஸ்டரு நிறுத்தச் சொன்னப்பச் சிரிச்சிருப்பான். நீ வேர்த்து நனஞ்சு நின்ன."

அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குச்சியைத் தேடுகிறேன் என்றேன்.

"கையில இருக்கு பாரு" என்றார்.