சிவப்பு டேக் கட்டிய ஜீப்

என் மனைவிக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மலைச்சரிவில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மாமனார் இறந்த பிறகு மேல் பாதி அவளுக்கும் கீழ்ப் பாதி அவள் தம்பிக்கும் பாகமாக வந்தது. மேலே போக வண்டிப்பாதை என்று ஒன்று உண்டு, பேருக்கு. மழைத்தண்ணீர் அறுத்த பள்ளமும் உருண்டைக் கல்லுமாக ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். கால் நன்றாக இருந்தவரை அவள் அதில் பேசிக்கொண்டே ஏறுவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஓசூர் சர்வீஸ் ரோட்டில், மழையில், அவளுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. இடது இடுப்பில் பிளேட் வைத்தார்கள். சமதளத்தில் கைத்தடியோடு நடக்கலாம், மலை ஏறுவதெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் தோப்பைப் பார்க்கவே இல்லை. தம்பி போனில் படம் அனுப்புவான். அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன ஆவணியில் தம்பி வீட்டுக்கு வந்தான். நல்ல பையன்தான், ஆனால் எதையும் போட்டு உடைத்த மாதிரி சொல்வான். கல் குவாரிக்காரர்கள் மேல் பாதியைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்றான்.

"அக்கா, உன்னால மேல வர முடியாது. நான் ஒருத்தன் ரெண்டையும் பார்க்க ஆவல. மரமெல்லாம் சும்மா காஞ்சிக்கினு இருக்குது. குடுத்துடலாம்."

"நான் வந்து பார்க்காம எதுவும் குடுக்கறதில்ல."

"எப்படி வருவ?"

அவள் என்னைப் பார்த்தாள். "தை பொறக்கறதுக்குள்ள வருவேன்" என்றாள். நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பார்வைக்குத் தலையாட்டிவிட்டேன்.

டிராக்டரில் அழைத்துப் போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து அந்தக் குலுக்கலைத் தாங்க அவள் இடுப்பால் முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கிற புது வண்டிகள் இருக்கின்றன, பார்க்கவும் ஜோராக இருக்கின்றன. ஆனால் பாதையின் நடுவில் இரண்டு பாறைகள் எதிரெதிராக நிற்கின்றன. அந்த இடுக்கில் புது வண்டி எதுவும் நுழையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் அதை மூன்று தடவை அளந்தேன். ஐந்தரை அடி. அதற்குள் அடங்குகிற வண்டியை நானே செய்வது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். மெஷினில் இருந்து வரும் முதல் பீஸை அளந்து, சரியாக இருந்தால் பச்சை டேக், இல்லாவிட்டால் சிவப்பு டேக் கட்டுவது என் வேலை. டேக் என்பது நூல் கோத்த சின்ன அட்டை. அதில் குறை, செய்ய வேண்டியது, பரிசோதகர் கையெழுத்து என்று மூன்று வரி இருக்கும். சிவப்பு கட்டிய பீஸை எம்.டி.யே வந்து சொன்னாலும் நான் விடமாட்டேன். இதனால் எனக்குக் கம்பெனியில் நண்பர்கள் குறைவு. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பாகலூர் தாண்டி, கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு பூந்தோட்டத்தில் பழைய ஜீப் ஒன்று கிடந்தது. பாடி முழுக்கத் துரு. இன்ஜினில் உயிர் இருந்தது. முக்கியமாக, அகலம் குறைவு. சின்ன லாரியில் ஏற்றி வந்து வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினேன். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. விடமாட்டார் என்று தெரியும். எனக்கும் ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. முடிந்ததும் லாரியிலேயே கொண்டுபோய் மலையடிவாரத்தில் மச்சினனின் மாட்டுக்கொட்டகையில் நிறுத்துவது, அங்கிருந்து மேலே நம் நிலம், நம் பாதை என்பது திட்டம்.

வெல்டிங்குக்கு எங்கள் தெருவில் இருக்கும் பாய் வந்தார். ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை பார்க்கிறவர், என் வயதுதான். வாரம் ஒரு நாள் லீவு, அதையும் என்னிடம் கொடுத்தார். நான் அவருக்குக் கொடுத்தது சிவப்பு டேக். முதல் மாதத்தில் மட்டும் அவர் வைத்த ஏழு ஒட்டில் டேக் கட்டினேன்.

"சார், இது என்னா ராக்கெட்டா? மாங்கா தோப்புக்குப் போற வண்டி" என்றார்.

"மேல ஏறும்போது பிச்சிக்கினு வந்தா?"

"பிச்சிக்கினு வந்தா என்ன வந்து கேளுங்க. அது வரைக்கும் இந்த அட்டைய என் கண்ணுல காட்டாதீங்க."

காட்டினேன். அவர் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு அவராகவே வந்து ஏழையும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். அந்த ஏழும் இன்றுவரை அசையவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பட்டை ஸ்பிரிங்கை மாற்றினோம். வண்டியின் அடி பாறையில் தட்டாதபடி பாடியை உயர்த்தினோம். கல்லைக் கவ்வுகிற பெரிய பட்டன் டயர் போட்டோம். கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்கக் குழாய்க் கூண்டு வைத்தோம். டயரின் வெளி விளிம்பில் இருந்து வெளி விளிம்பு வரை ஐந்தடி மூன்று இன்ச். பாறை இடுக்கில் பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் மிச்சம். அந்தக் கணக்கு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் மனைவி பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவின் டிராக்டரில் உழவே ஓட்டியவள், அதனால் கேள்விகள் சரியாகவே இருக்கும். "நான் ஒருக்கா ஏறிப் பார்க்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள். பெயிண்ட் காயவில்லை என்றேன். இன்னொருநாள் கேட்டாள். சீட் போடவில்லை, எல்லாம் முடியட்டும் என்றேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு காலை வண்டி முடிந்தது. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் கற்பூரம் காட்டினாள். பாய் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எதிர்வீட்டு மாடியில் இருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். நான் கதவுக்குப் பதிலாகப் போட்டிருந்த பெல்ட்டைக் கழற்றி, "ஏறு" என்றேன்.

அவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூண்டுக் குழாயைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். எட்டவில்லை. திரும்பி நின்று இடது காலைத் தூக்கப் பார்த்தாள். அது முழங்கால் உயரத்துக்குக்கூட எழவில்லை. மறுபடி வலது கால். பிறகு குழாயை விட்டுவிட்டாள்.

வண்டியின் தரைப்பலகை மண்ணில் இருந்து முப்பத்திரண்டு இன்ச் உயரத்தில் இருந்தது. அவளால் ஒரு படிக்கு ஒன்பது இன்ச்சுக்கு மேல் ஏற முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் குளியலறைப் படியை உடைத்து அவளுக்காகத் தாழ்த்திக் கட்டியவனே நான்தான். பாறையை மூன்று தடவை அளந்தவன் அவளை ஒரு தடவைகூட அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அளவு வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

"ஸ்டூல் போடட்டுமா?" என்றேன்.

"மலை மேல எறங்கணும்னா ஸ்டூல யாரு தூக்கிக்கினு வருவாங்க?"

"நான் தூக்கி உட்கார வைக்கறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிறந்த வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "சாலு, சாலு" என்றாள். போதும் என்று அர்த்தம். கைத்தடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அழுகிறாளோ என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், கையில் என் சிவப்பு டேக் ஒன்று. இடுப்பு உடைவதற்கு முன் எட்டு வருடம் வயரிங் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை பார்த்தவள். என் மாதிரி ஆள்கள் கட்டிய டேக்குகள் அவள் மேஜைக்கு எத்தனையோ வந்திருக்கும். டேக்கைக் கூண்டுக் குழாயில் கட்டினாள். குறை: ஆள் ஏற முடியவில்லை. செய்ய வேண்டியது: படி. பரிசோதகர் வரியில் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள்.

பாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். "ஏழுக்கு ஒண்ணு, சார். ஆனா இந்த ஒண்ணு பெருசு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் சேரில் உட்காரவில்லை. காம்பவுண்டு ஓரம் கிடந்த பலகைத் துண்டுகளையும் ஹாலோபிளாக் கல்லையும் என்னை அடுக்கச் சொல்லி, ஏறி இறங்கிப் பார்த்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். உயரம் எட்டு இன்ச், பாதம் முழுதாக வைக்க அகலம் இவ்வளவு, கைப்பிடி இங்கே என்று சாக்பீஸால் வண்டியிலேயே கோடு போட்டாள். நான் டேப்பைப் பிடித்தேன். பாய் வெட்டினார். மூன்று படி, இடது பக்கம், மேலே மடித்துக் கொக்கி மாட்டுகிற மாதிரி. பாடி டயருக்கு உள்வாங்கி இருந்ததால் மடித்த படி டயரைத் தாண்டி வெளியே நீட்டவில்லை. அன்று மாலை அவள் ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பிறகு சிவப்பு டேக்கை அவிழ்த்துவிட்டுப் பச்சையைக் கட்டினாள்.

தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது மேலே போனோம். அடிவாரத்தில் மச்சினன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்னால் ஏறிக்கொண்டான். முதல் பள்ளத்தில் அவள் ஒரு கையால் கூண்டையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டாள். வலித்திருக்கும், முகம் சொன்னது. பாறை இடுக்கு வந்ததும் நான் நிறுத்தினேன்.

"அளந்தீங்க இல்ல, போங்க" என்றாள்.

போனேன். இரண்டு பக்கமும் ஒன்றும் உரசவில்லை.

மேலே கொக்கியைக் கழற்றிப் படியை இறக்கிக் கொடுத்தேன். கெட்ட காலை முதலில் வைத்து இறங்கினாள். சரிவு அங்கே கொஞ்சம் சமமாக இருக்கும். கைத்தடியை ஊன்றி மரம் மரமாகப் போனாள். தம்பியின் போட்டோவில் காய்ந்தது போலத் தெரிந்தவற்றில் பாதி காயவில்லை. சிலதில் பூங்கொத்து வந்திருந்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று பிடுங்கிக் கிடந்தது. அவள் அதைத் தடியால் தட்டிக் காட்டினாள். தம்பி தலையைச் சொறிந்தான்.

"குத்தகையும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

"சரிக்கா. ஆனா மாமாவுக்கு ஷிஃப்ட்டு இருக்குது. பூ எடுக்கிற காலத்துல வாரம் ரெண்டு தபா வரணும். யாரு உன்ன இட்டுக்கினு வருவாங்க?"

"நான் கூட்டிட்டு வருவேன் மாப்ள" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். லீவு நாளில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாறைகளுக்கு நடுவே ஓட்டி வருவதை நான்கு மாதமாக நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

கிளம்பும்போது நானும் மச்சினனும் குழாயை மாட்டிவிட்டு வந்தோம். அவள் வண்டியின் இடது பக்கம் இல்லை. வலது பக்கம், என் சீட்டுப் பக்கம், உள்ளே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். ஏதோ விழுந்துவிட்டதோ என்று கேட்டேன். இல்லை என்று சுற்றி வந்து, படியில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

கிளட்ச் பெடலில் சிவப்பு டேக் தொங்கியது. அவள் கைப்பையில் எடுத்து வந்திருக்கிறாள். மலை ஏறும் முன்பே எடுத்து வைத்திருக்கிறாள். குனிந்து படித்தேன். குறை: ஓட்ட இடது கால் கேட்கிறது. செய்ய வேண்டியது: கிளட்ச் கைக்கு மாற்றவும், படி வலது பக்கமும். கீழே அவள் கையெழுத்து.

எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் முன்னால் இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேக்கை நான் அவிழ்க்கவில்லை. வேலை முடியாமல் அவிழ்க்கக் கூடாது. அடிவாரம் வரும்வரை கிளட்ச்சை மிதித்த ஒவ்வொரு தடவையும் அது என் காலில் உரசிக்கொண்டே வந்தது.