கிமாவின் கூழாங்கற்கள்

படப்பிடிப்பு முடிந்ததும் கிமா முதலில் தேடுவது லென்ஸ் மூடியை அல்ல, கூழாங்கற்களை. நடித்தவர் அழுத இடத்தில் குந்தி மூன்று கற்களைப் பொறுக்குவார். "தொயோ, இங்க நிக்காத. கூடவே வந்துடு" என்று அழைத்து, அவற்றைத் தொயோவின் உள்ளங்கையில் வைத்து மூடுவார். அதிர்ந்தாலும் அழுதாலும் உயிர் நழுவி அங்கேயே விழுந்துவிடும், பெயர் சொல்லி, அந்த இடத்துக் கற்களில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் ஒகினாவா வழக்கம். பொய் அழுகைக்கும் அதைச் செய்பவர் இவர் ஒருவர்தான்.

"நடிப்புக்கு அழுதா கூடவா உயிர் போகும்?" என்று தொயோ சீண்டுவாள். சந்தையில் மீன் விற்பவள். அவர் படங்களில் எப்போதும் அவள்தான் நாயகி.

"நீ எங்க நடிச்ச? நிஜமா அழுதுட்டு நடிப்புங்கிற."

எங்கள் தீவு மொழியில்தான் படம் எடுப்பார். துறைமுகக் கொட்டகையில் திரை கட்டுவார். மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு நாங்கள் உட்காருவோம். அவர் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். மனைவி நொபு இறந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு, ஐஸ் தொழிற்சாலையின் மாடி அறைக்குக் குடிவந்தார். பாகற்காயும் தோஃபுவும் வதக்கி, சட்டியிலிருந்தே தின்பார். விளக்கை அணைக்கும்போது "கட்" என்பது பக்கத்து அறைக்குக் கேட்கும்.

இந்தப் படத்தின் கடைசிக் காட்சி, ஒருத்தி வீட்டைவிட்டுப் போவது. அதை அந்தப் பூட்டிய வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்றவர், வெயில் சரியில்லை, காற்று சரியில்லை என்று இரண்டு வருடம் தள்ளினார். போன வாரம் சாலை போடுகிறவர்கள் வந்து அந்த வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். திங்கட்கிழமை இடிப்போம் என்றார்கள். ஞாயிறு காலை எல்லோரும் போனோம்.

தொயோ கதவைப் பூட்டினாள், படியிறங்கினாள், அழுதாள். கிமா "கட்" சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"டைரக்டரே, அழுது முடிச்சிட்டேன். அங்க மீன் கெட்டுப்போகுது."

அதன்பின்தான் கற்களைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தார்.

"உங்களை யாரு கூப்பிடுவாங்க?" என்றாள்.

"என் உயிரு எங்கயும் போகாது. போறதுக்கு இடமில்ல."

தொயோ சிரிக்கவில்லை. அவர் நின்ற இடத்தில் குந்தி மூன்று கற்களைப் பொறுக்கினாள். "கிமா அண்ணே, இங்க நிக்காதீங்க. எங்ககூடவே வந்துடுங்க." அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

வேனில் எல்லோரும் ஏறியபின், லென்ஸ் மூடியை மறந்துவிட்டதாகச் சொல்லி இறங்கினார். மூடி அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நொபு முன்பு உட்கார்ந்து பாகற்காய் நறுக்கிய வாசற்படி வரை நடந்தார்; குனிந்து, தொயோ தந்த கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார்.