கயிற்றில் தொங்கிய நாற்பத்தேழு

அம்சவள்ளி மிஸ்ஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போன ஏப்ரலில் எங்கள் வட்டார மேப் ஓட்டச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். வேறு யாரும் கை தூக்கவில்லை, அதனால் ஆனார். நான் சவுரிராயன், நில அளவை வேலை பார்க்கிறவன். சங்கத்துக்கு வரைபடம் போட்டுத் தருவது நான்தான்.

விளையாட்டு பெரிய வித்தையில்லை. பிள்ளைகள் கையில் வரைபடம், திசைகாட்டி, ஓர் அட்டை. புதரிலும் பாறையிலும் கட்டி வைத்த கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடித்து, ஒவ்வோர் இடத்திலும் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். மிஸ் சொல்ல மாட்டார். ஜூனில் திருவக்கரையில் போட்டி என்றால், பாம்புக்கடிக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்று ஒரு வாரம் முன்பே விசாரிப்பார். ஆகஸ்டில் விழுப்புரம் முகாமில், தேனடை தொங்கிய மரத்தைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பு வட்டம் போடச் சொல்லி என் உயிரை எடுத்தார். அக்டோபரில் வானம் கருத்ததுமே போட்டியைத் தள்ளி வைத்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு தூறல்கூட விழவில்லை. பயம் ஏற ஏறக் குரலும் ஏறும். தாமதமாக வந்தவன், அட்டையைக் கசக்கியவள், யாராக இருந்தாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். எனக்கு அதைச் சொல்லிச் சிரிப்பதே பொழுதுபோக்கு.

அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஓடக் கிளம்பும்போது ஒவ்வொரு அட்டையின் அடித்துண்டையும் கிழித்து, மேசைக்குப் பின்னால் கட்டிய கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்டுவார். ஓட்டத்தை முடித்தாலும் சரி, பாதியில் விட்டாலும் சரி, பிள்ளை மேசைக்கு வந்து நின்றால்தான் அந்த எண் இறங்கும்.

"கயிறு காலியானாத்தான் எனக்கு மூச்சு வரும் சார்" என்பார்.

ஜனவரி கடைசி ஞாயிறு பெருமுக்கல் மலையடியில் அந்தப் பள்ளி வருடத்தின் கடைசிப் போட்டி. எண்பத்து நாலு பிள்ளைகள். பதினொன்றரை மணிக்கு எண்பத்து மூன்று துண்டுகள் இறங்கிவிட்டன. நாற்பத்தேழு மட்டும் தொங்கியது. சங்கவி, கண்டமங்கலம், எட்டாம் வகுப்பு.

பன்னிரண்டு வரை மிஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை உதறிவிட்டு மலைப் பக்கம் ஓடினார். அந்தப் பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும், எத்தனை ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. என் வரைபடத்தில் அவற்றைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே போகக்கூடாது என்று குறித்திருந்தேன். கோடு யாரையும் கையைப் பிடித்து நிறுத்தாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். போலீசுக்குச் சொன்னோம். தீயணைப்பு வண்டி வருகிறது என்றார்கள். சங்கவியின் அம்மாவுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மிஸ் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு "சங்கவி, சங்கவி" என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. இறங்கப் போனவரை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது அப்போதுதான். அந்தப் பெண்ணை நான் பார்த்திருந்தேன். காலை பத்து மணிக்கு, நாலாம் கொடியருகே, அழுதுகொண்டு வந்தாள்.

"அண்ணே, அட்டை எங்கியோ வுழுந்துடுச்சு. இப்ப இன்னா பண்றது?"

மேசைக்குப் போய்ச் சொல், ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு. "அட்டையா? போச்சு போ. மிஸ்ஸு உன்னத் தோல உரிச்சு உப்பு தடவிடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்து மிஸ்ஸிடம் சொல்லலாமே? திறக்கவில்லை. பயம். நான்தான் அவளைத் தண்ணீருக்கு அனுப்பினேன் என்று ஆகிவிட்டால்? மூன்று மணி நேரம் அந்தப் பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூன்றே காலுக்கு மிஸ்ஸின் போன் அடித்தது. சங்கவியின் அம்மா சின்னபொண்ணு.

"மல்லாட்டக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தங்க. போன ஊட்டுலயே வச்சிட்டன். இந்தப் பொண்ணு தனியா வந்து குந்திக்கினு அழுவுது. ஏங்க, எதனா தப்பு பண்ணிட்டாளா?"

மிஸ் போனை வைத்துவிட்டு, தேடியவர்களை நிறுத்தச் சொன்னார். நேராக மேசைக்கு வந்து, நாற்பத்தேழு தொங்கிய இடத்தில் கயிற்றை இரண்டு பக்கமும் வெட்டி, கிளிப்போடு பையில் போட்டுக்கொண்டார். என் வண்டியின் பின்னால் ஏறினார். "ஜல்தி போங்க சார்" என்றார். கண்டமங்கலத்தில் சங்கவி வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினேன்.

சங்கவி மலையடியிலிருந்து ரோட்டுக்கு வந்து, டிக்கெட் கேட்காத டவுன் பஸ்ஸில் ஏறி, மாறி மாறி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

மிஸ் அந்தக் கயிற்றுத் துண்டை நீட்டினார். "உன் நம்பரு. நீயே எடு."

சங்கவி கிளிப்பை அழுத்தித் துண்டை எடுத்தாள். மிஸ் அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"ஏன்டி மேசைக்கு வரல?" என்று பிறகு கேட்டார்.

"நீங்க தோல உரிச்சிடுவீங்கன்னு மேப்பு அண்ணன் சொன்னாரு மிஸ்."

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. வெட்டின கயிற்றைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்தார்.

"இனிமே கயிறு உங்களுது" என்றார்.

இந்த ஏப்ரலில் மிஸ்ஸையே மறுபடி செயலாளர் ஆக்கினோம். இப்போது அவர் பிள்ளைகளைத் திட்டுவதில்லை. கிளம்புமுன் எல்லோரிடமும் ஒன்றுதான் சொல்கிறார்: "அட்டை போனா போவட்டும், நீ வந்து நில்லு."

போன ஞாயிறு திருவக்கரையில் எழுபத்தொரு பிள்ளைகள். கடைசித் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு மணி ஆகியும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கினேன். மூடியைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை உதறினேன்.