பினாங்கு டீச்சரம்மாவுக்கு நான் எழுதிய ரயில் வழி

ஏர்மெயில் கவரை நாக்கால் தடவி ஒட்டினால், அந்தப் பசையின் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாயை விட்டுப் போகாது...

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் எனக்கு முதல் வேலை. பள்ளத்தூரிலிருந்து தினமும் பஸ். வெளியூர்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. கான்வென்ட் கையெழுத்து என்று முதலாளிக்கு அதில் ஒரு பெருமை.

ஒருநாள் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தமிழ். எழுதியவர் அறுபது வயது டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பா திருப்பத்தூர் பக்கத்து ஆள். பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் சமையல் வேலை பார்த்தவர். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் மெட்ராஸ் வந்திறங்கி, ரயில் பிடித்து ஊருக்கு வருவாராம். விடியும்போது ரயில் ஜன்னலில் திருமயம் கோட்டை தெரிந்தால்தான் வந்து சேர்ந்த நினைப்பே வரும் என்று, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போது மகள் ஒரு சுற்றுலாக் கப்பலில் வருகிறார். கப்பல் மெட்ராஸில் மூன்று நாள் நிற்கும். அப்பா வந்த மாதிரியே ரயிலில் வர ஆசை, வழி எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்.

முடியுமாவா! மூன்று பக்கம் எழுதினேன்.

ஹார்பர் கேட்டை விட்டு வெளியே வந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம்தான். அங்கே மின்சார ரயில் ஏறி, கோட்டை, பார்க் தாண்டி எழும்பூரில் இறங்க வேண்டும். சாயந்திரம் ராமேஸ்வரம் வண்டி. புதுக்கோட்டை வந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஜன்னலில் உட்காருங்கள், அடுத்து திருமயம். செட்டிநாடு என்று போர்டு பார்த்து இறங்கிவிடாதீர்கள், அது சின்ன ஸ்டேஷன், அதற்கு அடுத்ததுதான் காரைக்குடி... இப்படி எல்லாம். மெட்ராஸில் இருந்த என் அண்ணனிடம் சொல்லி, ஜன்னலோரக் கீழ் பெர்த் டிக்கெட் எடுக்க வைத்து, அதையும் கவரில் வைத்து அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வந்தது. படித்துப் படித்து வழி மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

கப்பல் வருவதற்கு முதல்நாள் முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டி, அவர் பேருக்கு நேரே 'ரயில்' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

"மலேசியாவுலேருந்து வாரவுகளை ரயில்ல இடிபட்டு வரச் சொல்லியிருக்கியா ஆத்தா? ஊரு என்ன பேசும்?"

அவர் ஆசைப்பட்டுத்தான் கேட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை. விருந்தாளி வந்தால் வண்டி அனுப்பியாக வேண்டும், அது மரியாதை. விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்பது மரியாதையில் சேராது போல. அன்றைக்கே அம்பாசடர் மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டது.

மறுநாள் ராத்திரியே அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகும்போது ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, வெள்ளைப் புள்ளி போட்ட சேலையில். மடியில் என் கடிதம்.

"நீங்கதான் எழுதினதா? ரயில்னு எழுதிட்டு ஏம்மா கார் அனுப்பினீங்க?"

கார் அனுப்பியது நான் என்று ஏன் நினைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விஷயம் வந்தது. ஹார்பர் கேட்டில் அவர் காரில் ஏற மாட்டேன் என்றிருக்கிறார். டிரைவர் அவரிடம், கடிதம் எழுதின பெண்தான் அனுப்பியது, இன்றைக்கு ரயில் சரியில்லையாம் என்று சொல்லியிருக்கிறார். என் பேரைக் கேட்டதும் நம்பி ஏறிவிட்டார். திருமயத்தை இருட்டில் தாண்டியிருக்கிறார்கள். அவர் அப்போது நல்ல தூக்கமாம்.

டிரைவருக்கு இப்படிச் சொல்லத் தோன்றுமா? சொல்லிக் கொடுத்து அனுப்பியவர் என் பக்கத்திலேயே நின்றார், கையில் சந்தன மாலையோடு.

"சின்னப் புள்ளை, தெரியாம எழுதிருச்சு. கோட்டைதானே, இப்பவே கார்ல கூட்டிப்போயி காட்டச் சொல்றேன். நீங்க எதுக்குச் சங்கடப்படுறீக?" என்றார்.

அந்த அம்மா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கப்பா வந்தப்பல்லாம் கூப்பிட ஒருத்தரும் வரலைங்க. அவர் பாட்டுக்கு ரயில்ல வந்தாரு, போனாரு. எனக்கும் அப்படியே விட்டிருக்கலாம்."

முதலாளி சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டார். சொன்னது அவருக்கு உறைக்கவே இல்லை.

அன்று பகலில் அந்த அம்மா அப்பாவின் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போதாவது ரயிலில் போகிறேன் என்று கேட்டார். கப்பலைத் தவறவிட்டால் யார் பதில் சொல்வது என்று அதற்கும் தடை. மறுபடி கார்தான். ஏறும்போது என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

போன வாரம் ஒரு குரூப்பில் 'நம்ம ஊர் உபசரிப்பு மாதிரி வருமா' என்று ஒரு பதிவு. நூறு பேர் ஹார்ட் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். உபசரிப்பாம்! யாருக்காகச் செய்தோம் அதை? அந்த அம்மாவுக்கா, அம்பாசடரைப் பார்க்கிற தெருவுக்கா?

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது. அந்த மீட்டர் கேஜ் தண்டவாளமே இல்லை. வழி சொல்லப் போனில் மேப் இருக்கிறது, மூன்று பக்கம் யாரும் எழுதுவதில்லை. அப்போது மட்டும் கையில் ஒரு போன் இருந்திருந்தால், அவர் ஹார்பர் கேட்டில் நிற்கும்போதே ஒரு மெசேஜ் போட்டிருப்பேன். 'கார்ல ஏறாதீங்கம்மா, ரயிலுக்குப் போங்க.'

இப்படித்தான் ரொம்ப வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்...

ஆனால் அன்று காலை அவர் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். காரை நான் அனுப்பவில்லை என்று சொல்ல போன் தேவையில்லை. வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் நின்றேன். நான்தான் அனுப்பினேன் என்று நம்பிக்கொண்டே அவர் கப்பலேறிப் போய்விட்டார்.