விசா கேட்ட படிப்பு

காலையில் என் முதல் வேலை, வரிசையில் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளைகளின் முகத்தில் சன்ஸ்கிரீன் பூசுவது. மூக்கு, கன்னம், காதின் பின்புறம், கழுத்து. தொப்பி கொண்டுவராத பிள்ளை நிழலில்தான் விளையாட வேண்டும். திருச்சி வெயிலில் குடையில்லாமல் கல்லூரிக்குப் பேருந்து ஏறியவள் நான். வெயிலைக் கண்டு இவ்வளவு பயப்படும் ஆட்களை மெல்பர்னில்தான் பார்த்தேன். விரல்களில் படிந்த வெள்ளைக் களிம்பைக் கழுவும்போது சில நாள் நினைத்துக்கொள்வேன், இவை பேலன்ஸ் ஷீட் போடப் பழகிய விரல்கள் என்று.

பி.காம். முடித்தபோது வீட்டில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொன்னார். மாமா சி.ஏ.வைத் தவிர வேறெதையும் படிப்பாகவே மதிக்கவில்லை. அம்மா பி.எட். என்றார், டீச்சர் பெண்ணுக்குச் சீக்கிரம் வரன் அமையும் என்பதால். எனக்கு அக்கவுண்ட்ஸ் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற நொடியில் வரும் நிம்மதிக்காகவே பிடித்திருந்தது. ஆஸ்திரேலியாவில் அக்கவுண்டிங் மாஸ்டர்ஸ் முடித்தால் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, தானாக வந்துவிடும் என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னார். பிடித்த படிப்பும் நிரந்தரமாக இருக்க ஒரு நாடும் சேர்ந்தே கிடைக்கும் என்று நம்பி விமானம் ஏறினேன்.

நான் படித்து முடிப்பதற்குள், பி.ஆர். கிடைக்கக் கணக்காளர்கள் எடுக்க வேண்டிய புள்ளிகள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. மல்கிரேவில் ஒரு சின்ன வரி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வாயைத் திறக்காமல், தலை நிமிராமல் வேலை பார்த்தேன். கடைசி நாள் மேலாளர் டெப்ரா என்னை அழைத்து, "யூ ஆர் எ பிட் கொயட், வனிதா" என்றார். அமைதியான பெண் என்பது எங்கள் ஊரில் பாராட்டு. நான் மலர்ந்துபோய் "தேங்க் யூ" என்றேன். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தார். என்னோடு பயிற்சியில் இருந்த, ஓயாமல் பேசும் பையனுக்கு அங்கே வேலை கிடைத்த பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று புரிந்தது.

அப்போது நாட்டுக்குத் தேவைப்பட்டவர்கள் மழலையர் பள்ளி ஆசிரியர்கள். அதற்கான படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எம்.பி.ஏ., பின்னால் இருந்தவர் வங்கியில் வேலை பார்த்தவர். எல்லோரும் கைதட்டிப் பாடவும் களிமண் பிசையவும் கற்றுக்கொண்டோம். குழந்தைகளைப் பிடிக்குமா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவழியாக பி.ஆர். வந்தது. அன்று அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தூங்கினால் போதும் போலிருந்தது.

நான் வேலை பார்க்கும் கிண்டரில், அதாவது மழலையர் பள்ளியில், சமையல் செய்பவர் தர்ஷினி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். தற்காலிக விசாவிலேயே பல வருடங்கள் ஓடிவிட்டன. படிக்க வேண்டுமென்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் கட்ட வேண்டும், அது அவரால் முடியாது. கடைசியில் அவருக்கும் நிரந்தர விசா வந்தது. மறுவாரம் மதிய இடைவேளையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார், "நான் படிக்கப் போறன் வனிதா. அக்கவுண்டிங்."

நான் திகைத்துப்போனேன். "அக்கா, நான் விட்டுட்டு வந்த படிப்பு அது. இங்க வேலை கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"ஓம், தெரியும். ஏ.எல்.இல, உங்கட பிளஸ் டூ மாதிரி, கொமர்ஸ் செய்தனான். அதுக்கு மேல படிக்க ஏலாமப் போச்சு." தட்டுகளை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "இவ்வளவு காலமும் விசா என்ன சொல்லுதோ அதைத்தானே செய்தனான். இது எனக்கு."

பி.ஆர். என் கையிலும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கென்று எதையாவது செய்யலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அந்த வாரமே தங்கை சுகன்யா ஊரிலிருந்து பேசினாள். அவளும் பி.காம்., கடைசி வருடம். "அக்கா, நானும் அங்க வந்துடட்டுமா? என்ன படிச்சா வரலாம்?"

"வர்றதுக்குன்னு படிச்சா, அந்த வருஷம் இந்த ஊரு எதைக் கேக்குதோ அதைத்தான் படிக்கணும் சுகு. உனக்கு எது பிடிக்குது?"

"காஸ்டிங் பிடிக்கும். அதை வச்சு என்ன செய்ய?"

"சி.எம்.ஏ. பண்ணு, காஸ்டிங்குக்குன்னே உள்ள படிப்பு. முடிச்சிட்டு வா. உனக்கு ஒரு தொழில் கையில இருக்கும்."

"நீ போய் செட்டிலாயிட்ட. என்னை மட்டும் வராதங்கற" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. இங்கே வந்து சேர்ந்தவர்களின் அலுப்பு, வர ஆசைப்படுபவர்களின் காதில் பொறாமையாகத்தான் விழும்.

பிறகு பல நாள் அம்மா வழியாகத்தான் அவள் சேதி வந்தது. கடைசியில் சி.எம்.ஏ.வில் சேர்ந்துவிட்டாளாம். ஒருநாள் அவளே குரல்செய்தி அனுப்பினாள். "அக்கா, காஸ்டிங் சார் சூப்பரா நடத்துறாரு. நேத்து ஒரு கணக்கு, கிளாஸ்ல நான் மட்டும்தான் போட்டேன்." பேருந்தில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

போன ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தேன். பட்டுப் புடவை, தலையில் பூ. சாப்பாட்டு வரிசையில் என் வகுப்புப் பிள்ளை ஆதவ் அம்மாவோடு நின்றான். "யாருன்னு பாரு, உன் டீச்சர்" என்றார் அம்மா. அவன் என் புடவையைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"தட்ஸ் நாட் வனிதா. வனிதா லிவ்ஸ் அட் கிண்டர்."

அம்மா சங்கடத்தோடு சிரித்தார். "இல்லடா கண்ணா, அவங்களுக்கும் வீடு இருக்கு. எங்கன்னு கேளு."

"வேர்?" என்றான் ஆதவ்.

காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.